வள்ளியின் மலையடிவாரம்

மேட்டுப்பாளையத்தில் வந்து இறங்கும் வெளியூர்க்காரர்களில் பெரும்பாலோருக்கு அது ஊட்டி போகிற வழியில் உள்ள ஓர் ஊர், அவ்வளவுதான். 1899இல் குன்னூர் வரைக்கும் 1908இல் உதகை வரைக்கும் போய்ச் சேர்ந்த மலை ரயிலுக்காக விடிகாலையில் வரிசையில் நிற்பார்கள். இடம் கிடைக்காதவர்கள் கல்லாறு வழியாகப் பஸ் ஏறிவிடுவார்கள். நீலகிரிச் சரிவு முடிந்து சமவெளி தொடங்கும் இடத்தில், பவானி ஆற்றை ஒட்டி மேற்கே கிடக்கும் ஊர்களைப் பார்க்கவென்று வருகிறவர்கள் குறைவு. நான் அந்தப் பக்கம் போனது கும்மி பார்க்க.

தேக்கம்பட்டி என்ற பெயரை 2024 ஜனவரியில் நாடே செய்தியில் படித்தது. அந்த ஊர்க்காரரான வள்ளி ஒயில் கும்மி ஆசிரியர் எம். பத்திரப்பனுக்கு அந்த ஆண்டு பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அப்போது அவருக்கு 87 வயது. முருகனும் வள்ளியும் சேர்ந்த கதையைப் பாட்டும் அடியுமாக ஊர் ஊராகக் கற்றுக்கொடுத்தவர். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த ஆட்டத்துக்குள் பெண்களைக் கொண்டுவந்தவர் என்பதையும் விருதுச் செய்தியில் சேர்த்துச் சொன்னார்கள். எனக்கு விருதைவிட அந்தக் கடைசித் தகவல்தான் பெரிதாகப் பட்டது. ஒரு கிராமத்தில் பெண்கள் இரவு எட்டு மணிக்குமேல் வீட்டை விட்டு வெளியே வந்து, வேறு எந்தக் காரியத்துக்காகவும் இல்லாமல், சந்தோஷத்துக்காக மட்டும் ஓரிடத்தில் கூடுவது சாதாரண விஷயமில்லை.

டவுன் பஸ் மேட்டுப்பாளையத்தைத் தாண்டியதும் பாக்குத் தோப்பு தொடங்குகிறது. பிறகு வாழை, தென்னை, இடையிடையே கறிவேப்பிலைக் காடு. மார்கழிப் பனி போய்த் தை வெயில் ஏறியிருந்த சமயம். ஜன்னலுக்கு வலப்பக்கம் மலை கூடவே வந்தது. இந்தப் பக்கத்து ஊர்களைப் பார்க்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் போல எல்லா வீடுகளும் தெருவாகச் சேர்ந்து இருப்பதில்லை. கோயிலைச் சுற்றி ஒரு ஊர் இருக்கும். ஆனால் விவசாயக் குடும்பங்களில் பல தோட்டத்திலேயே சாளை போட்டுக் குடியிருக்கும். ஒரு வீட்டு விளக்குக்கும் அடுத்த வீட்டு விளக்குக்கும் நடுவில் நாலு ஏக்கர் தென்னையும் ஒரு வேலியும் இருக்கும். ஒருத்தரை ஒருத்தர் பார்க்க ஒரு காரணம் வேண்டும். பால் சொசைட்டி ஒரு காரணம். வாரச் சந்தை இன்னொன்று. அப்புறம் சீர், எழவு, நோம்பி என்னும் திருவிழா. கொங்கு நாட்டில் நோம்பிகள் இத்தனை நாள் இழுத்து இழுத்து நடப்பதற்கு இந்தத் தோட்டத்து வாழ்க்கையும் ஒரு காரணம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. மாரியம்மன் கோயிலில் பூச்சாட்டிக் கம்பம் நட்டுவிட்டால், அதை எடுக்கும்வரை ராத்திரிக்கு ராத்திரி இளவட்டங்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். ஆடுகிறவர்களும் பார்க்கிறவர்களுமாக அத்தனை சாளைகளும் காலியாகி ஊர் ஒரே இடத்தில் நிற்கும்.

ஆண்களுக்கு நோம்பி இல்லாத நாளிலும் பேக்கரி இருக்கிறது. கோவை வட்டாரத்தில் பேக்கரி என்பது பன் விற்கும் கடை மட்டுமில்லை. டீக்கடை, திண்ணை, செய்தித்தாள், தோட்டம் வாங்க விற்க எல்லாம் அதற்குள் அடக்கம். நான் இறங்கிய இடத்திலும் ஒன்று இருந்தது. தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக்கொண்டு நின்றேன். பேச்சு யானையைப் பற்றி. இந்தப் பக்கத்தில் எந்தப் பேச்சும் யானையில் வந்துதான் நிற்கும். மேட்டுப்பாளையம் சுற்றுவட்டாரத்துத் தோப்புகளில் சாவகாசமாக நடந்து போகும் ஓர் ஆண் யானைக்கு மக்கள் பாகுபலி என்று பெயர் வைத்துவிட்டார்கள். 2021இல் வனத்துறை அதற்கு மயக்க ஊசி போட்டு ரேடியோ காலர் மாட்டக் கும்கிகளைக் கூட்டி வந்து பார்த்தது; அது அகப்படவில்லை. அந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பயிரை இழந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். ஆனாலும் யானையைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

“ஏனுங்க தம்பி, ஆனை பாக்க வந்தீங்களா?” என்றார் பெஞ்சில் இருந்த ஒரு பெரியவர்.

“இல்லீங்க. கும்மி பாக்கலாம்னு வந்தனுங்க.”

“அப்பக் கொஞ்சம் பொறுக்கோணும். பாலக் கறந்து ஊத்திப்போட்டு, சோத்த ஆக்கி வெச்சுப்போட்டுத்தான் பொம்பளைங்க வருவாங்க.”

காத்திருந்த நேரத்தில் அவர்கள் கோயில் யானைகள் வந்த காலத்தைச் சொன்னார்கள். 2012 முதல் சில ஆண்டுகள் அறநிலையத்துறை கோயில் யானைகளுக்கான 48 நாள் நலவாழ்வு முகாமைத் தேக்கம்பட்டியில் பவானிக் கரையில்தான் நடத்தியது. மாநிலத்தின் பல மூலைகளிலிருந்தும் லாரியில் யானைகள் வந்து இறங்கும். நடைப்பயிற்சி, குளியல், பசுந்தீவனம். பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொண்டு வேலிக்கு வெளியே நின்று பார்த்ததாம். காட்டு யானைக்குப் பயந்து பொழுதோட கதவைச் சாத்துகிற அதே ஊர், அந்த நாட்களில் பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு யானை பார்க்கப் போயிருக்கிறது. இன்ன யானை இன்ன கோயிலுடையது, இதற்கு இன்ன குணம் என்று அந்தப் பெரியவர் சொந்தக்காரர்களைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டே போனார்.

கும்மிப் பயிற்சி நடந்தது தேக்கம்பட்டியை ஒட்டிய ஒரு சிற்றூரில், கோயிலுக்கு முன்னால் இருந்த மண் களத்தில். இரண்டு கம்பங்களில் எல்.இ.டி. விளக்கு, ஒரு ஸ்பீக்கர் பெட்டி, நடுவில் மைக்கோடு ஆசிரியர். முதலில் வந்தவர்கள் சிறுமிகள். பிறகு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து பெண்கள் வந்து இறங்க, கொண்டுவந்து விட்ட ஆண்கள் களத்தின் ஓரத்தில் வண்டியைச் சாய்த்து நிறுத்திவிட்டு அங்கேயே நின்றார்கள். அவர்களிலும் பலர் பிறகு வரிசையில் சேர்ந்தார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அடுத்து அறுபது வயதுப் பாட்டி, அவருக்கு அடுத்து மில் யூனிபார்மோடு நேரே ஷிப்டிலிருந்து வந்த ஒரு பெண். வட்டத்துக்குள் வட்டமாக மூன்று சுற்று நின்றது.

கும்மியைக் காணொலியில் பார்க்கிறவர்களுக்கு அது ஒரே அசைவின் திரும்பல் போலத் தெரியும். பக்கத்தில் நின்று பார்த்தால்தான் அதன் கணக்கு பிடிபடும். இரண்டு எட்டு முன்னால், ஒரு எட்டு பின்னால். குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. பிறகு உடம்பைத் திருப்பி அடுத்தவர் முகத்தைப் பார்த்து ஒரு தட்டு. உள்ளங்கை குழிந்து மோதினால் ஒரு சத்தம், விரல்கள் மட்டும் மோதினால் வேறு சத்தம். அத்தனை பேர் தட்டும்போது இரண்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்பது ஆசிரியரின் பிடிவாதம். கேட்கவில்லை என்றால் பாட்டை நிறுத்திவிடுவார். எனக்கு நேர் எதிரே நின்ற அம்மாவின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாக்கு உரித்து உரித்துக் காய்த்துப்போன, நகக்கண்ணெல்லாம் கறையேறிய கைகள். அந்தக் கைகளின் தட்டு மற்றவர்களுடையதைவிடக் கனமாக, ஒரு பலகையை அடித்ததுபோல் தனியாகக் கேட்டது. ஆசிரியரும் அவரைத்தான் முன்வட்டத்தில் நிறுத்தியிருந்தார். தாளம் தப்புகிறவர்கள் அந்த அம்மாவின் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துசேர்ந்தார்கள்.

சலங்கை கட்டுவது பயிற்சியின் பிற்பகுதியில்தான். முதல் சில வாரம் வெறுங்கால். கால் பழகியபின் சலங்கை. சலங்கை ஏறினால் தப்பு செய்கிற கால் எது என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும். இரண்டு மூன்று மாதம் இப்படிப் போனபின் அரங்கேற்றம். அதற்கு எல்லாருக்கும் ஒரே நிறத்தில் சேலை, சிறுமிகளுக்கு அதே நிறத்தில் பாவாடை, ஆண்களுக்கு வேட்டி. எந்த நிறம் என்பதில் அந்த ஊரில் இன்னும் முடிவு வரவில்லை. இடைவேளையில் தண்ணீர் குடிக்கும்போது அதுதான் பேச்சு. மாம்பழ மஞ்சளுக்கு ஒரு கட்சி, கிளிப்பச்சைக்கு ஒரு கட்சி. ஜவுளிக்கடைக்காரர் மொத்தமாக எடுத்தால் எவ்வளவு குறைப்பார் என்று ஒருத்தர் செல்போனில் விசாரித்துக்கொண்டே இருந்தார்.

பாக்கு உரிக்கும் அந்த அம்மாவிடம் பேசினேன். சின்ன வயதில் ஆடியதுண்டா என்று கேட்டதற்குச் சிரித்தார்.

“எங்கீங் கண்ணு? மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளுப் பூப்பறிக்கப் போவோம். வயசுப் புள்ளைங்க மட்டும். ஆவாரம்பூப் பறிச்சுக் கூடையில போட்டுக்கிட்டு, முறுக்கு, கச்சாயம் கட்டிக்கிட்டு, பள்ளத்தோரம் ஒக்காந்து தின்னுபோட்டு ஒரு கும்மி கொட்டுவோம். வருசத்துல அந்த ஒரு நாளுதான். கண்ணாலம் ஆச்சுன்னா அதுவும் இல்ல. வள்ளி கும்மின்னா ஆம்பளைங்க ஆடுவாங்க, நாங்க பாயப் போட்டு ஒக்காந்து பாப்போம்.”

இப்போது அவர் பேத்தியோடு ஆடுகிறார். பேத்திதான் முதலில் சேர்ந்தவள். துணைக்கு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த பாட்டியை இரண்டாம் வாரம் ஆசிரியர் எழுந்து வரச் சொல்லியிருக்கிறார். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டேன். பகலில் வலிக்கும், இங்கே வந்தால் தெரிவதில்லை என்றார். வீட்டில் டி.வி. சீரியல் ஓடுகிற நேரம் இது. மருமகள் சீரியலை விட்டுவிட்டு வந்திருப்பதையும் அவர்தான் சொன்னார். அந்த மருமகள் இரண்டாம் வட்டத்தில் நின்று நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாமியாரும் மருமகளும் பேத்தியும் ஒருவர் தவறை ஒருவர் வாய்விட்டுத் திருத்திக்கொண்டு ஆடியதைப் பார்த்தபோது, பத்திரப்பன் போன்றவர்கள் திறந்துவிட்ட கதவின் அகலம் எனக்கு விளங்கியது.

ராத்திரிப் பொழுதைக் கலையோடு கழிப்பது கொங்கில் புதிதில்லை. உடுக்கையடித்துப் பாடும் அண்ணன்மார் கதையை இரவு இரவாக உட்கார்ந்து கேட்ட சனம் இது. மானுடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கேயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் அந்தப் பாட்டை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்தார். அங்கே சனம் கேட்கிறவர்கள். கும்மியில் கேட்கிறவர்கள் என்று தனியாக யாரும் இல்லை. வந்தவர்கள் எல்லாரும் காலைத் தூக்கி வைக்க வேண்டும். அதனால்தான் இது இத்தனை வேகமாகப் பரவியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பாட்டின் கதைக்கு வருகிறேன். வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடைத்த குழந்தை. வேடர் தலைவன் நம்பிராசன் எடுத்து வளர்க்கிறான். வளர்ந்தவள் பரண்மீது ஏறித் தினைப்புனம் காக்கிறாள், கவண் வீசிக் கிளி ஓட்டுகிறாள். முருகன் வேடனாக வருகிறான், வேங்கை மரமாக நிற்கிறான், கிழவனாக வந்து தேனும் தினைமாவும் கேட்கிறான். அவள் இசையவில்லை. அண்ணன் பிள்ளையாரை நினைக்கிறான், யானை வருகிறது. மற்ற ஊர்களில் இந்த இடத்தில் சிரிப்பு வரும். இங்கே ஆசிரியர் யானை என்று பாடியதும் களத்தில் இருந்த சின்னப் பிள்ளைகள் ஒரே சமயத்தில் தோப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். வள்ளி பயந்து கிழவனைக் கட்டிக்கொண்டது ஏன் என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பயிற்சியை ஒன்பதரை மணிக்குள் முடித்துக்கொள்வதும், டார்ச் இல்லாமல் யாரையும் தனியே அனுப்பாததும் அந்தப் பயத்தால்தான்.

இந்தக் கதையைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மலைமேல் வேடர் வீட்டுப் பெண்ணை, அவள் சாதி எது குலம் எது என்று கேட்காமல், வேடம் மாறி மாறி வந்து கெஞ்சி, தூக்கிக்கொண்டு போய்க் கட்டிக்கொண்ட ஒருவனின் கல்யாணக் கதை இது. அதைத்தான் நம் பெண்கள் மூன்று மணி நேரம் பாடி ஆடுகிறார்கள். அப்படியிருக்க, கொங்கில் சில கும்மி மேடைகளில், ஆடி முடித்த பெண்களிடம் சொந்தச் சாதிக்குள் மட்டுமே திருமணம் செய்வோம் என்று உறுதிமொழி வாங்கிய காட்சிகள் காணொலியாகப் பரவி விவாதமும் ஆனது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வந்தது, இன்றும் அடங்கவில்லை. பெண்களை வீட்டுக்கு வெளியே அழைத்துவந்த ஒரு கலையின் வாசலிலேயே அவர்களை மறுபடி உள்ளே போகச் சொல்லும் காரியம் அது. வள்ளியைப் பாடிய வாயால் அந்த உறுதிமொழியைச் சொல்ல வைப்பது வள்ளிக்குச் செய்யும் துரோகம்.

நான் பார்த்த களத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் கேட்டேன், காலனியிலிருந்து யாராவது வருகிறார்களா என்று. ஆசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “யாரையும் வேண்டாம்னு சொல்றதில்லீங்க” என்றார். உண்மையாகத்தான் சொன்னார். ஆனால் வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பது ஒன்று, வீடு தேடிப் போய் வாங்க என்று கூப்பிடுவது வேறு. அரங்கேற்றத்தன்று துடும்பு அடிக்க ஜமாப் குழுவுக்கு ஆள் அனுப்புவார்கள். கொங்கு நோம்பி எதுவும் துடும்பு இல்லாமல் எழுந்திருக்காது. இடுப்பில் கட்டிய அந்தப் பெரிய முழவை இரண்டு கோலால் அடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க அவர்களே ஆடவும் செய்வார்கள். அடிக்கிறவர்களில் பெரும்பாலோர் அருந்ததியர். அவர்கள் அடித்தால்தான் ஊர் ஆடுகிறது. அடித்துக் கொடுத்த கையோடு அவர்கள் வீட்டுப் பெண்களும் வட்டத்தில் வந்து நிற்கும் அரங்கேற்றம்தான் என் கணக்கில் முழு அரங்கேற்றம்.

மறுநாள் காலை வனபத்ரகாளியம்மன் கோயில். பவானிக் கரையில் இருக்கும் இந்தக் கோயிலுக்கு வருகிறவர்கள் கும்பிட்ட கையோடு திரும்புவதில்லை. குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வந்து, கிடாய் வெட்டி, மரத்தடியில் அடுப்புக் கூட்டிச் சமைத்து, சொந்தபந்தத்துக்கெல்லாம் இலை போட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். கல்யாண மண்டபத்தில் ஒருத்தரை ஒருத்தர் கண்டும் காணாமல் போகிற பங்காளிகள் இங்கே சேர்ந்து வெங்காயம் உரிக்கிறார்கள். ஆற்றில் மட்டும் கவனம் வேண்டும். மேலே பில்லூர் அணையின் முழு நீர்மட்டம் 100 அடி. 97 அடியைத் தொட்டால் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். முழங்கால் அளவு ஓடிய ஆறு கொஞ்ச நேரத்தில் ஆளை இழுக்கும் ஆறாகும். எச்சரிக்கைப் பலகைக்குப் பக்கத்திலேயே துணியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்குகிற இளைஞர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

அங்கிருந்து காரமடை. ரங்கநாதர் கோயிலில் மாசி மகத் தேருக்கான பேச்சு ஊரெங்கும் தொடங்கியிருந்தது. தாசர்கள் தீப்பந்தம் ஏந்தி ஆடும் பந்த சேவை, தோல்பையில் தண்ணீர் சுமந்துவரும் தண்ணீர் சேவை, வாழைப்பழம் படைக்கும் கவாள சேவை என்று இந்தத் திருவிழாவில் பார்க்க நிறைய உண்டு. எனக்குப் பிடித்தது அதற்கெல்லாம் முன்னால் நடக்கும் பெட்டத்தம்மன் அழைப்பு. திருக்கல்யாணத்துக்கு முன்பாக, மலைமேல் இருக்கும் பெட்டத்தம்மனை முறைப்படி போய் அழைத்து வருகிறார்கள். கீழ்நாட்டுப் பெருமாளுக்கு மலையிலிருந்து பெண். வள்ளி கதை கேட்ட மறுநாள் இதைக் கேட்டபோது, இந்த மலையடிவாரத்துக்கு மேலே பார்த்தே பெண் கேட்கும் பழக்கம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளியங்காட்டைத் தாண்டினால் சாலை மலைக்குள் நுழைகிறது. சோதனைச் சாவடியில் பெயர் எழுதிவிட்டுப் போனால் பில்லூர் நீர்த்தேக்கத்தின் கரையில் பரளிக்காடு. இங்கே வனத்துறையும் பதிகள் எனப்படும் சுற்றுவட்டார இருளர் குடியிருப்புகளைச் சேர்ந்தவர்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். முன்பதிவு செய்துகொண்டு வார இறுதியில் வரலாம். பரிசலில் ஒரு சுற்று, மரத்தடியில் மதியச் சாப்பாடு, மரக்கிளையில் கட்டிய ஊஞ்சல், பிறகு ஆற்றுக் குளியல். பரிசலை இங்கத்திய ஆட்கள் ஓட்டுகிறார்கள். கேழ்வரகுக் களியும் கீரையும் உட்பட அத்தனையும் பதிப் பெண்களின் கைப்பக்குவம். நகரத்துப் பிள்ளைகள் ஊஞ்சலை விட்டு இறங்க மறுத்து அழுதுகொண்டிருந்தார்கள்.

வந்தவர்களுக்கு இது ஓய்வு, பரிமாறுகிறவர்களுக்கு வேலை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நேர்மையான வருமானம். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது, வேன்கள் போனபின் அவர்கள் பொழுது எப்படிப் போகிறது என்பது. அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்த பெண்களிடம் கேட்டேன். உடனே பதில் வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர், “ராத்திரி ஆடுவோம். செத்தாலும் ஆடுவோம், கல்யாணம்னாலும் ஆடுவோம்” என்றார். இருளர் வாழ்வில் சாவு வீட்டிலும் ஆட்டம் உண்டு. பாட்டும் ஆட்டமும் துக்கத்தைத் தள்ளி வைப்பதில்லை, அதைச் சேர்ந்து சுமக்கின்றன. அட்டப்பாடி நஞ்சியம்மாவின் குரலுக்குத் தேசிய விருது கிடைத்தபோதுதான் அந்தப் பாட்டு மலைக்கு வெளியே இத்தனை பேரை எட்டியது. ஆடு மேய்த்தபடி அவர் பாடிய பாட்டுகளின் சொந்தபந்தம் எல்லாம் இந்தப் பதிகளிலும் இருக்கிறது.

சாயங்காலம் அருகிலிருந்த பதிக்கு அவர்களோடு நடந்தேன். வயசாளி ஒருவர் தீ மூட்டிப் பொறை என்னும் மேளத்தின் தோலுக்குச் சூடு காட்டினார். பனி இறங்கினால் தோல் தொய்ந்துவிடும். விரல் நுனியால் தட்டிப் பார்ப்பது, திருப்பி மறுபக்கம் காட்டுவது, மறுபடி தட்டுவது. சத்தம் இறுகி வரும்வரை அவருக்கு அவசரமே இல்லை. கூடவே தவில், ஜால்ரா, கொகால் என்னும் ஊதுகருவி. ஆட்டம் தொடங்குகிறோம் என்று யாரும் அறிவிக்கவில்லை. இரண்டு பெண்கள் எழுந்தார்கள், மூன்று ஆண்கள் சேர்ந்தார்கள், வட்டம் தானாக வளர்ந்தது. உடம்பை லேசாக முன்னால் சாய்த்து, கைகளை வீசித் திருப்பி, கால்களை மண்ணை விட்டு அதிகம் எடுக்காமல் நகர்கிற ஆட்டம். ஒத்திகை இல்லை, சீருடை இல்லை. தப்பு செய்தால் நிறுத்துகிற ஆசிரியரும் இல்லை. பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை, மதியம் எனக்குக் களி பரிமாறிய அக்கா கையைப் பிடித்து எழுப்பி வட்டத்துக்குள் விட்டுவிட்டார். யார், எவர், எந்த ஊர் என்று அதற்கு முன்னால் யாரும் கேட்கவில்லை.

ஓய்ந்து உட்கார்ந்தபோது, தேக்கம்பட்டிப் பக்கம் பார்த்த கும்மியைச் செல்போனில் காட்டினேன். அந்த அக்காவும் அவர் மகளும் தலையைச் சேர்த்துக் குனிந்து பார்த்தார்கள். பாட்டு யாரைப் பற்றி என்று கேட்டார்கள். சொன்னேன்.

“வள்ளி மலைக்காரிதானுங்க” என்றார் அந்த அக்கா. “சாமைக்காட்டுல நானும் பரண்ல படுத்திருக்கேன். தகரம் தட்டிப் பன்னி ஓட்டியிருக்கேன்.” மகள் ஒன்பதாம் வகுப்பு. அவளுக்குக் கதையில் ஆர்வமில்லை, காலடியில் இருந்தது. வீடியோவை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, மண்ணில் இரண்டு எட்டு முன்னால் ஒரு எட்டு பின்னால் வைத்துப் பார்த்தாள். பிறகு கேட்டாள்: “நாங்க போனா ஆட விடுவாங்களா, பாக்க மட்டுந்தானா?”

எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லி அவளை அனுப்ப மனம் வரவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பதியில் டவர் கிடைக்காது. திரும்பும் வழியில் வெள்ளியங்காட்டில் போனில் கோடு ஏறியதும், பாக்கு உரிக்கும் அம்மாவின் வீட்டுக்கு அடித்தேன். மருமகள் எடுத்தார். விஷயத்தைச் சொன்னதும் போனைக் கையில் வைத்துக்கொண்டே மாமியாரைக் கூப்பிட்டு ஏதோ பேசினார். பின்னால் பேத்தியின் குரலும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாவே லைனுக்கு வந்தார்.

“வரச் சொல்லு கண்ணு. ஆத்தாளும் மகளும் எங்கூட்டுலயே தங்கிக்கட்டும், ராத்திரில எங்க திரும்பிப் போவாங்க? பஸ்ஸு ஏத்திவிடறது என் பொறுப்பு. மாம்பழ மஞ்சள்னு முடிவாயிருச்சு, அவங்களுக்கும் சேத்து ரெண்டு எடுத்தர்றோம். புள்ளைக்குப் பாவாட எத்தன ஒசரம்னு மட்டும் கேட்டுச் சொல்லு.”